மாஸ்ட் செல் நோயில் முதுகெலும்பு நசுங்குவது ஏன்? கால்சியம் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 44 வயது, ஆண். தொடையிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள் பல ஆண்டுகளாக உள்ளன. சொறிந்தால் தடித்துவிடும். போன மாதம் தண்ணீர்க் கேனைத் தூக்கியபோது முதுகில் சுளீரென்று வலி. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் டி12, எல்1 என்ற இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் விடும் நொதி) 48. எலும்பு மஜ்ஜையைச் சோதித்துவிட்டு, தீவிரமற்ற வகை சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் என்கிறார்கள். எலும்புக்கு ஆண்டுக்கு ஒரு ஊசி போடச் சொல்கிறார் மருத்துவர். முன்பு வலிக்கு ஊசி போட்டபோது மயங்கி விழுந்திருக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது. கால்சியம் மாத்திரை, ராகி, கருவாடு என்று சாப்பிட்டுச் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. உங்கள் மருத்துவர் சொல்வது சரி. ஏற்கெனவே இரண்டு எலும்புகள் நசுங்கிவிட்டதால் தள்ளிப்போடவும் கூடாது.

தோலில் இருக்கும் புள்ளிகளும் முதுகில் நசுங்கிய எலும்புகளும் ஒரே நோயின் விளைவுகள்தான். ஒவ்வாமையின்போது ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் அளவுக்குமீறிப் பெருகுவதே மாஸ்டோசைட்டோசிஸ். அவை தோலில் மட்டும் தங்குவதில்லை. எலும்பு மஜ்ஜைக்குள்ளும் கொத்துக்கொத்தாகக் குடியிருக்கின்றன. அங்கிருந்து அவை சுரக்கும் ஹிஸ்டமின், இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன. புது எலும்பைக் கட்டும் செல்களின் வேலையும் மந்தமாகிறது. இடித்துக்கொண்டே இருக்கும் வீட்டுக்குச் செங்கல் மட்டும் இறக்கினால் சுவர் எழும்பாது. கால்சியம் மாத்திரையின் நிலையும் அதுதான். அது தேவை, ஆனால் முதலில் இடிப்பு நிற்க வேண்டும்.

முதுகெலும்பு முதலில் பாதிக்கப்படக் காரணம், அதன் உட்பகுதி பஞ்சுபோல் துளைகள் நிறைந்து, அந்தத் துளைகளில் மஜ்ஜை நிரம்பியிருப்பதே. இடுப்பு மூட்டின் கழுத்துப் பகுதியில் கெட்டியான வெளி எலும்பு அதிகம், அதனால் அது கொஞ்சம் தாங்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனை இடுப்பில் மட்டும் எடுத்துவிட்டு 'நார்மல்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இடுப்போடு கீழ்முதுகையும் எடுக்க வேண்டும். நசுங்கிய எலும்பு ஸ்கேனில் பொய்யாக அடர்த்தி கூடித் தெரியும் என்பதால் எல்1-ஐ ஒதுக்கிவிட்டு எல்2 முதல் எல்4 வரை கணக்கிடச் சொல்லுங்கள். மேல்முதுகு, கீழ்முதுகு முழுவதற்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் தேவை. வலியே இல்லாமல் நசுங்கிய எலும்புகள் இதில்தான் பிடிபடும்.

மாஸ்டோசைட்டோசிஸில் எலும்புப்புரை 50 வயதுக்குட்பட்ட ஆண்களையும் விடுவதில்லை. எலும்பு நசுங்குவது பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல், முதுகெலும்பு முறிவே முதல் அறிகுறியாக வருபவர்களும் உண்டு. நடுவயது ஆணுக்குப் பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு நசுங்கினால் காசநோய், மைலோமா (மஜ்ஜைப் புற்றுநோய்) இரண்டையும் தேடுவதோடு டிரிப்டேஸும் பார்க்கப்பட வேண்டும். அந்த ஒரு ரத்தப் பரிசோதனை தவறவிடப்படுவது வருத்தமான விஷயம்.

ஊசிக்கு முன் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கிரியாட்டினின், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். வைட்டமின் டி மில்லிக்கு 30 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வாரம் 60,000 யூனிட் வீதம் 8 வாரம் என்பது நம் ஊர் வழக்கம். குறைபாட்டோடு ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென இறங்கி விரல் மரத்துப்போகும், தசை இழுக்கும். பல் மருத்துவரிடமும் ஒருமுறை போய், பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்கிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம், அரிதானாலும், உண்டு.

ஊசி என்று உங்கள் மருத்துவர் சொல்வது பெரும்பாலும் எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமிலம். 5 மில்லிகிராம், ஆண்டுக்கு ஒருமுறை, ரத்தநாளம் வழியாக. குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும். உங்களுக்கு அரை மணி நேரமாக ஏற்றினால் இன்னும் நல்லது. சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் இது கூடாது. அதே வகையைச் சேர்ந்த, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையும் வேலை செய்யும். ஆனால் ஹிஸ்டமின் மிகுதியால் இந்த நோயில் வயிற்று அமிலம் அதிகம் சுரக்கும், நெஞ்செரிச்சல் சகஜம். உணவுக்குழாயை அரிக்கக்கூடிய மாத்திரையைவிட ஊசியே மேல் என்பது என் கருத்து.

இனி உங்கள் பயம். முன்பு மயங்கி விழுந்தது எந்த ஊசிக்கு என்று அந்த மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுங்கள். டைக்ளோபெனாக் போன்ற வலிநிவாரணிகளும் மார்பின், கோடீன் போன்றவையும் சிலருக்கு மாஸ்ட் செல்களை வெடிக்க வைக்கும். ஜோலெட்ரானிக் அமிலம் அந்த வகை மருந்து அல்ல. ஆனாலும் முன்னேற்பாடு வேண்டும். ஒவ்வாமை மாத்திரையையும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஃபாமோடிடினையும் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். 1:1000 அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்கும் மருத்துவமனையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். ஊசி முடிந்து ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

அன்று இரவோ மறுநாளோ காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். முதல் ஊசிக்கு அது பலருக்கும் வருவதுதான், மூன்று நாளில் அடங்கும். ஒவ்வாமை அப்படி வராது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே முகம் சிவக்கும், அரிக்கும், மூச்சு இறுக்கும், தலை சுற்றும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'ஊசி ஒத்துக்கொள்ளவில்லை' என்று அடுத்த ஆண்டு ஊசியை விட்டுவிடுபவர்கள்தான் மறுபடி எலும்பு நசுங்கி வருகிறார்கள்.

சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு, எலும்புக் கரைவை அடக்கும் டெனோசுமாப் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடலாம். அதைத் தொடங்கினால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்த எலும்புக் கரைவு வேகமாகத் திரும்பி, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கக்கூடும். நிறுத்த வேண்டி வந்தால் பின்னாலேயே ஜோலெட்ரானிக் அமிலம் போட வேண்டும். புது எலும்பை வளர்க்கும் டெரிபாராடைடு என்ற தினசரி ஊசியை இந்த நோயில் பொதுவாகத் தவிர்க்கிறோம். மாஸ்ட் செல்களையும் வளர்த்துவிடுமோ என்ற கவலைதான் காரணம்.

வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மேலே தடவும் ஜெல்லிலும் டைக்ளோபெனாக் இருக்கும், உறையைப் படியுங்கள். வெந்நீர் ஒத்தடமும் அழுத்தித் தேய்க்கும் எண்ணெய்த் தேய்ப்பும் புள்ளிகள் உள்ள தோலில் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கும். நசுங்கிய முதுகை யாரிடமும் பிடித்துவிடக் கொடுக்காதீர்கள். குனிந்து எடை தூக்க வேண்டாம். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும், அதனால் வலி அனுமதிக்கும் அளவு நடங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவில் நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் இலக்கு. 100 கிராம் ராகி மாவில் ஏறத்தாழ 350, ஒரு டம்ளர் பாலில் 240. ராகி நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். கருவாடு வேண்டாம். அதில் கால்சியம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் காயும்போது ஹிஸ்டமினும் சேர்ந்துவிடுகிறது. முகம் சிவப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். பற்றாக்குறைக்கு மாத்திரை என்றால் கால்சியம் சிட்ரேட் வாங்குங்கள். கார்பனேட் வகை கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும், நீங்களோ அமிலத்தைக் குறைக்கும் மருந்தில் இருப்பீர்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது.

நோயின் மூலத்தை அடக்கும் அவாப்ரிடினிப் மாத்திரைக்குத் தீவிரமற்ற வகைக்காக 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாளுக்கு 25 மில்லிகிராம். எலும்பு மருந்தின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

ஊசிக்கு ஓராண்டு கழித்து, அதே இயந்திரத்தில் டெக்சா எடுங்கள். வெவ்வேறு இயந்திரத்தின் அளவுகளை ஒப்பிட முடியாது. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், சுவரோரம் நின்று உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். 2 சென்டிமீட்டர் குறைந்தால், வலி இல்லாவிட்டாலும், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.