“கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ?”

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. முந்திரி வியாபாரத்தில் நஷ்டம், கடன், கூடவே குடி. போன வருடம் ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்து மூன்று வாரமாகிறது. இப்போது குளிக்கிறான், வெளியே போகிறான். ஆனால் ஆசையாக வளர்த்த புறாக்களைக் கூண்டோடு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதிக்கா” என்கிறான். “சொல்றவன் செய்ய மாட்டான்” என்கிறார் அம்மா. நேரடியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ?
- வாசகி, பண்ருட்டி

பதில்: கேளுங்கள் சகோதரி. இன்றைக்கே.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதை ஒருவரிடம் இறக்கிவைக்க வழி கிடைக்கும். அம்மா சொல்வது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் தவறு. உயிரை விட்டவர்களில் பலர் முன்பே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள்.

மனச்சோர்வு வந்த எல்லோரும் இந்த முடிவுக்குப் போவதில்லை, பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். உங்கள் தம்பி விஷயத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது முதலில் அந்தப் பழைய முயற்சி. ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் அதைவிடக் கனமானது கிடையாது. குடியும் கடனும் அதற்கு மேல். அப்புறம், அந்தப் புறாக்கள். நேசித்த பொருளை ஒருவர் திடீரென்று பிறர் கையில் ஒப்படைத்தால் சும்மா விடக்கூடாது.

மாத்திரை விஷயம் ஒன்று. சிலருக்கு உடம்பில் தெம்பு முதலில் திரும்பும்; மனசு தெளிய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் கண்காணிப்பு வேண்டும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டை உங்களிடம் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். தோப்புக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றே வெளியே போகவேண்டும். செத்துப்போக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எப்படிக் கேட்பது? தனியாக உட்கார்ந்து, “செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?” என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் அழுது அரற்ற வேண்டாம். “எங்களை நெனச்சுப் பாத்தியா” என்ற வசனமும் வேண்டாம், தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் வேண்டாம். அது அவன் வாயை அடைக்கும், அவ்வளவுதான். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். இல்லை என்று சொன்னாலும் புறா விஷயத்தையும் அவன் சொன்ன வார்த்தையையும் நாளைக்கே அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் வேறு யாராவது இப்படிப் போயிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து பழைய முயற்சியை மறைப்பவர்கள் உண்டு. 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

நீங்கள் ஒருவரே ராத்திரி முழுக்க விழித்திருக்க முடியாது. வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். தம்பி பேச மாட்டேன் என்றால் நீங்கள் பேசுங்கள்.