17 லட்சத்துக்கு பழைய இசட்4 வாங்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் மார்த்தாண்டம் பக்கம். கல்ஃப்ல ஒம்பது வருசம் கெடந்துட்டு இப்பதான் ஊர்ல செட்டில் ஆயிருக்கேன். ரெண்டு சீட்டு, கூரை திறக்கிற கார் ஒண்ணு வச்சு ஓட்டணும்னு சின்ன வயசுலேருந்தே ஆசை. திருவனந்தபுரத்துல 2011 பி.எம்.டபிள்யூ. இசட்4 35ஐ ஒண்ணு கெடக்கு, கேரளா நம்பர், 52,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு, 17 லட்சம் சொல்லுகாங்க. புதுசுல என்ன விலை இருந்த வண்டி, இப்ப லாபம்தானே? கையில 18 லட்சம் இருக்கு.

பதில்: தம்பி, கையில 18 இருக்குன்னா 17 லட்சத்து வண்டி உங்களுக்கு இல்ல, அத மொதல்ல சொல்லிடுகேன். விலைதான் பாதிக்கும் கீழ கொறைஞ்சிருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஒரு ரூவா கொறையல, அது இன்னைக்கும் புது பி.எம்.டபிள்யூ. வச்சிருக்கவன் குடுக்குற அதே விலைதான். அதனால 18ல ஒரு அஞ்சு லட்சத்த தனியா ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துக்கு ஏத்த வண்டியா தேடுங்க, அதுல பேப்பர் செலவும் அடங்கணும்.

பேப்பர் விசயம் கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க. பிரைவேட் காருக்கு ஆர்.சி. 15 வருசம். 2011 வண்டின்னா 2026ல முடியுது, எந்த மாசம்னு ஆர்.சி.ய வாங்கி பாருங்க, விக்கிறவர் இப்ப விக்கதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். 15 வருசம் தாண்டின சாதாரண காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூவாதான், ஆனா இசட்4 ஜெர்மனியில முழுசா கட்டி கப்பல்ல வந்த வண்டி, இம்போர்ட்டட் கணக்குல 40,000 கட்டணும். 20 வருசம் தாண்டினா 80,000, இது 2025 ஆகஸ்ட்ல ஏத்தினது. புதுப்பிச்சாலும் அஞ்சு வருசத்துக்குதான், அதுக்கு மேல திரும்ப இன்ஸ்பெக்சன், திரும்ப பணம். போதாததுக்கு கேரளா நம்பர். அங்க ஆர்.டி.ஓ.கிட்ட என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லன்னு சான்று எடுத்து, இங்க ரோடு டாக்ஸ் கட்டி நம்ம மார்த்தாண்டம் டி.என். 75க்கு மாத்தணும். களியக்காவிளை தாண்டினா கேரளாதானே, அப்படியே ஓட்டிக்கிடலாம்னு நெறைய பேரு ஓட்டுகாங்க, ஆனா ஒரு வருசத்துக்கு மேல வெளி ஸ்டேட் நம்பர்ல இங்க வச்சிருக்க முடியாது. டாக்ஸ் எவ்வளவு வரும்னு அட்வான்ஸ் குடுக்கதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கிடுங்க, குடுத்துட்டு கேட்டா நெஞ்சு வலிக்கும்.

இனி வண்டி. பாக்க வாறேன்னு சொன்ன நேரத்துக்கு ஒரு மணிக்கூர் முன்னாடியே போயிடுங்க. போனதும் பானட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா அவங்க ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், டீ குடிச்சிட்டு சாயந்தரமா வாறேன்னு சொல்லி எந்திரிச்சிடுங்க. இந்த 35ஐல இருக்கது 3 லிட்டர் ட்வின் டர்போ, 306 குதிரை, ஓட்டினா சிரிப்பு வரும் அவ்வளவு சுகம், ஆனா ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப் இந்த இன்ஜினுக்கு பேர்போன தொந்தரவு. ஆறிக்கெடக்க பச்ச இன்ஜின்ல ஸ்டார்ட் பட்டன அமுக்கினதும் டக்குன்னு பிடிக்கணும், கிர்ர்ர்ருன்னு ரெண்டு மூணு செகண்டு இழுத்து பிடிச்சா சந்தேகப்படுங்க. அடுத்தது வாட்டர் பம்ப், அது பெல்ட்ல ஓடுகது இல்ல, கரண்டுல ஓடுகது, முன்னறிவிப்பே இல்லாம ஒரு நாள் நின்னுரும். எப்ப மாத்தினதுன்னு பில்லு கேளுங்க, பில்லு இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு அந்த காச விலையில கொறைங்க.

கூரைய அஞ்சு வாட்டி திறந்து மூட சொல்லுங்க. 20 செகண்டுல மடங்கி டிக்கிக்குள்ள போயிடணும், நடுவுல முக்கி நின்னா வேண்டாம். ஆடி மழையும் பெய்யும் ஐப்பசி மழையும் பெய்யும் ஊருல ஒழுகுற கூரைய வச்சுக்கிட்டு என்ன செய்ய. டயர் சைடுல டி.ஓ.டி. பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயரு, பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது கெழவன். இந்த வண்டிக்கு கம்பெனியே ஸ்டெப்னி குடுக்கல, பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடுற ரன்ஃபிளாட் டயரு, அதுவும் விலை கூட.

அந்த 52,000 கிலோமீட்டர நான் நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல. சர்வீஸ் ஹிஸ்டரி பிரின்ட் கேளுங்க, வருசத்துக்கு வருசம் கிலோமீட்டர் ஏறிட்டே வந்திருக்கணும், நடுவுல எறங்கியிருந்தா மீட்டர திருப்பியிருக்காங்க. கடைசியா, வாங்குகதுக்கு முன்னாடி உங்க வீட்டு முடுக்கு வரைக்கும் ஒருக்கா ஓட்டி பாருங்க. நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர் எந்த அளவுக்கும் கட்டுப்படாம போட்டது, அடி தட்டுற சத்தம் கேட்டா ஆசையில பாதி அங்கயே கொறைஞ்சிரும்.

கேள்வி: பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டா பிரயோஜனம் உண்டா அண்ணாச்சி? விக்கிறவர் 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் இருக்கு, அதுவும் சேத்துதான் விலைன்னு சொல்லுகாரு. (நாகர்கோவில்)

பதில்: அந்த போனஸ், கிளைம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி, அது அந்த ஆளுக்கு உள்ளது, வண்டிக்கு இல்ல. வண்டி கை மாறினா அது அவரோடயே போயிடும், அதுக்கு அஞ்சு பைசா குடுக்காதீங்க. ஆர்.சி. பேர் மாறினதும் 14 நாளுக்குள்ள பாலிசியயும் உங்க பேருக்கு மாத்த எழுதி குடுங்க. அஞ்சு வருசம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி., அதாவது வண்டிக்கு இன்சூரன்ஸ்ல போடுற மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி வைக்கதுதான், பேசுங்க. ஆனா 10 வருசத்துக்கு மேலன்னா கிளைம்ல இரும்பு பார்ட்ஸுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதிதான் தருவாங்க, மீதி உங்க கையிலேருந்துதான். திருட்டுக்கும் பெரிய இடிக்கும்னு நெனச்சு போடுங்க, பம்பர் கீறலுக்கு இல்ல.

கேள்வி: அண்ணே, 2005 ஆக்டேவியா ஆர்.எஸ்., சென்னை வண்டி, 3 லட்சத்து சொச்சம். வெள்ளத்துல நின்னதான்னு எப்படி கண்டுபிடிக்கது? வீடு குளச்சல்.

பதில்: எனக்கு இது பிடிச்ச வண்டி. 1.8 டர்போ, 150 குதிரை, அஞ்சு பேரு உக்காரலாம், டிக்கியில ரெண்டு மூட்ட அரிசி ஏத்தலாம், முடுக்குல கெடந்தா எவனும் திரும்பி பாக்க மாட்டான். டைமிங் பெல்ட் மாத்தின பில்லு இல்லன்னா வாங்கின அன்னைக்கே மாத்துங்க, அது அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினே போச்சு. இக்னிசன் காயில் ஒண்ணு ரெண்டு எப்பவும் டிக்கியில கெடக்கட்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில நெறைய வண்டி முங்கினது, கேக்க வேண்டிய கேள்விதான். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. வெளிய தெரியிற பாகத்த கழுவியிருப்பாங்க, உள்ள சுருண்டு கெடக்க பாகத்துல சேறு கோடு போட்டு நிக்கும். அப்புறம் ஸ்டெப்னிய தூக்கிட்டு அந்த குழியில சேறு இருக்கான்னு பாருங்க.

அதவிட குளச்சல்ல உங்களுக்கு கடல்காத்துல பிடிக்கிற துருதான் எதிரி. எங்கிட்ட ஒரு 2003 பேலியோ 1.6 இருந்தது, முட்டத்துல சொந்தக்காரர் வீட்டு முத்தத்துல ரெண்டு வருசம் நின்ன வண்டி. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, நானும் மயங்கி வாங்கிட்டேன். ஒரு நாள் டிரைவர் பக்கத்து மேட்ட எடுத்துட்டு கார்பெட்ட தூக்கினா தகரம் பொரிச்ச அப்பளம் மாதிரி இருக்கு, ஸ்குரூ டிரைவர வச்சு லேசா குத்தினேன், அது பாட்டுக்கு உள்ள போயி கீழ தரைய தொட்டுது.

அதனால வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடிய பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. சனிக்கிழமயே போங்க, ஞாயித்துக்கிழமை மெக்கானிக் யாரும் கெடைக்க மாட்டாங்க.