கிரீட முத்திரையும் பூக்கூடையும்: இத்தாலியப் பீங்கான் கேள்வி பதில்

கேள்வி: குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது பீங்கான் பூக்கூடை ஒன்று வாங்கினேன். அடியில் நீல நிறத்தில் ‘என்’ என்ற ரோமன் எழுத்து, அதன் தலையில் கிரீடம். “நேப்பிள்ஸ் ராஜாவின் கபோடிமோன்டே சரக்கு, இருநூற்றைம்பது வருஷம் பழசு” என்றார் விற்றவர். நம்பலாமா? (வாசகி, குன்னூர்)

பதில்: நம்ப வேண்டாம். அவர் சாட்சிக்கு அழைத்த கிரீடமே அவருக்கு எதிராகப் பேசுகிறது.

நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸும் அவர் மனைவி மரியா அமாலியாவும் கபோடிமோன்டே அரண்மனை வளாகத்தில் பீங்கான் ஆலை தொடங்கியது 1743-இல். அரசி ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்காரர், அங்குள்ள மைசன் பீங்கான் ஆலையை நிறுவியவரே அவருடைய தாத்தாதான். பிறந்த வீட்டுப் பெருமையைப் புகுந்த வீட்டுக்கும் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலையின் முத்திரை லில்லிப் பூ. 1759-இல் சார்லஸ் ஸ்பெயினுக்கு அரசரானார். கைவினைஞர்கள், கருவிகள், பிசைந்த களி என எல்லாவற்றையும் கப்பலேற்றி மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கபோடிமோன்டே கதை அங்கேயே முடிந்தது.

கிரீடம் போட்ட எழுத்து, அவர் மகன் ஃபெர்டினாண்ட் 1771-இல் தொடங்கிய வேறோர் ஆலையினுடையது. அது மூடிய பிறகு அச்சுகள் ஃபிளாரன்ஸ் அருகே டோச்சியாவில் இருந்த ஜினோரி ஆலைக்குப் போயின. அங்கும் அதே முத்திரையைப் போட்டார்கள். ஜெர்மனி, பிரான்ஸ் பட்டறைகளும் பார்த்துப் போட ஆரம்பித்தன. பீங்கான் உலகில் இதைப்போல் காப்பியடிக்கப்பட்ட முத்திரைகள் கொஞ்சம்தான்.

உங்களுடையதைப் போன்ற பூக்கூடைகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியச் சிறு பட்டறைகளில் செய்தவை. அதற்காக மட்டம் என்று தள்ளிவிடாதீர்கள். முத்திரையை விட்டுவிட்டு இதழைப் பாருங்கள். கையால் செய்த ரோஜாவில் எந்த இரண்டு இதழும் ஒன்றுபோல் இராது. ஓரம் காகிதம்போல் மெலிந்து, அடிப்பக்கம் தடித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில இதழ்களின் பின்புறம் விரல் ரேகைகூடத் தெரியும். எல்லா இதழும் ஒரே அளவாக, நடுவில் ஒட்டுக்கோடும் ஓடினால் அச்சு வேலை. கையில் எடுத்ததும் எடை குறைவாகவும், நகத்தால் தட்டினால் ‘டொக்’கென்றும் இருந்தால் பீங்கானே இல்லை, ரெசின் என்ற பிளாஸ்டிக் வகை. கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது என்று ஒரு சோதனை சொல்வார்கள். குன்னூர் ஜனவரிக் காலையில் அது செல்லாது. அங்கே எல்லாமே குளிரும்.

கேள்வி: ஐரோப்பாவில் முதலில் பீங்கான் செய்தது இத்தாலியா, ஜெர்மனியா? (ஆசிரியர், கோத்தகிரி)

பதில்: எதைப் பீங்கான் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிளாரன்ஸில் பிரான்செஸ்கோ டி மெடிச்சியின் பட்டறை 1575 முதல் 1587 வரை செய்தது ‘மென்பீங்கான்’. விச்சென்சா பகுதியின் வெள்ளைக் களியோடு, மணலை உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். சூளையில் கண்ணாடி இளகும்போது பாத்திரம் கோணும், சரியும். இன்று எஞ்சியவை நூறுகூட இல்லை. சீன முறைப்படி கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைச் சேர்த்து உயர் சூட்டில் சுட்ட ‘வன்பீங்கான்’ 1710-இல் தொடங்கிய மைசன் ஆலையுடையது. வெனிஸில் வெட்சி குடும்பம் 1720-இல் முன்பு மைசனில் வேலை பார்த்த ஆளையும் சாக்சனி மண்ணையும் நம்பி இறங்கியது. 1727-இல் ஆலையை மூடியது. நிலைத்தது, கார்லோ ஜினோரி 1735-இல் தொடங்கிய டோச்சியாதான்.

ஆனால் ‘போர்சிலேன்’ என்ற ஆங்கிலப் பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. ‘போர்செல்லானா’ என்றால் அவர்கள் மொழியில் சோழி. சோழியின் பளபளப்பைச் சீனப் பாத்திரத்தில் கண்டவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். மழை மாதங்களில் அச்சிலிருந்து கிண்ணம் கழன்று வருவதில்லை. பூவிதழ்களும் விரிசல் விடுகின்றன. (வாசகர், கொடைக்கானல்)

பதில்: முதல் கோளாறுக்கு உங்கள் ஊர் மூடுபனி காரணம். பிளாஸ்டர் அச்சு களிக்குழம்பின் நீரை உறிஞ்ச வேண்டும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய அச்சு எதை உறிஞ்சும்? நன்றாகக் காய்ந்த நாளில் ஒவ்வொரு அச்சையும் எடை போட்டு, அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். அந்த எடைக்குத் திரும்பாத அச்சில் ஊற்றாதீர்கள். கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. 50 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டர் பொடியத் தொடங்கும். மர அலமாரிக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பும் சின்ன விசிறியும் போதும். ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு துளை விடுங்கள்.

குழம்பையும் சரிபாருங்கள். கயோலின் 50, ஃபெல்ட்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25 பங்கு கொண்ட 10 கிலோ உலர்ந்த கலவைக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர், குழம்பை இளக்கி ஓடவைக்க 20 முதல் 40 கிராம் சோடியம் சிலிகேட். ஒரு லிட்டர் குழம்பு ஏறக்குறைய 1,780 கிராம் இருக்க வேண்டும். ஓட்டம் போதவில்லை என்று தண்ணீரை ஊற்றாதீர்கள். அச்சு சீக்கிரம் ஊறிப்போகும், கிண்ணமும் கூடுதலாகச் சுருங்கும். சிலிகேட் அதிகமானாலும் குழம்பு மறுபடி கெட்டியாகும், அதனால் சொட்டுச் சொட்டாக.

இதழ் விரிசலுக்குக் காரணம் வேறு. மெல்லிய ஓரம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. தடித்த அடி இன்னும் ஈரமாக இருந்து அதை இழுக்கிறது. இதழை ஒட்டியதும் முழுப் பூவையும் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரம் சமமாகட்டும். பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். இந்த வேலைக்கு மூடுபனி நல்லதுதான். ஒட்டுவதற்கு அதே களியின் குழம்பையே பயன்படுத்துங்கள். வேறு களி வேறு அளவில் சுருங்கி, சூளையில் இதழை உதிர்த்துவிடும்.

மொத்தச் சுருக்கம் 15 சதவீதம் என்றால், சுட்டபின் 10 செ.மீ. வேண்டிய பூவை 11.8 செ.மீ. ஆகச் செய்ய வேண்டும். தொங்கும் இதழுக்கு முட்டுக் கொடுப்பதும் அதே களியில் இருக்கட்டும். பூவோடு சேர்ந்து முட்டும் சுருங்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே, சூளைச் சூட்டில் உருகாத அலுமினாப் பொடி தூவுங்கள்.

கேள்வி: தங்க விளிம்பு உள்ள பழைய இத்தாலியக் கோப்பையில் தினமும் டீ குடிக்கலாமா? (வாசகி, ஊட்டி)

பதில்: வேண்டாம். தங்கம் மெருகுக்கு (பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு) மேலே, கிட்டத்தட்ட 750 டிகிரியில் ஒட்டவைத்தது. தேய்க்கும் பவுடர் பட்டால் போய்விடும். மைக்ரோவேவில் தீப்பொறி பறக்கும். பழைய மேல்வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், அதனால் எலுமிச்சை டீயோ ஊறுகாயோ அதன் பக்கமே போகக்கூடாது. மெருகில் முடிக்கீறல்கள் இருந்தால் டீச்சாயம் உள்ளே இறங்கிப் பழுப்பாகும். மென்பீங்கானில் அது திரும்ப வெளியே வராது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, பருத்தித் துணி. கழுவும் தொட்டியில் துண்டை விரித்துவிட்டுக் கழுவுங்கள். பெரும்பாலான கோப்பைகள் அங்கேதான் உடைகின்றன.