காதில் உட்காராத இயர்போனும் சில கேள்விகளும்

போன இதழில் ஹெட்போன் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு விஷயம் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை போகிறேன். 1,500 ரூபாய்க்குள் இயர்பட்ஸ் வேண்டும். ஒரு பெட்டியில் 13 எம்எம் டிரைவர், ஈஎன்சி, 60 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 10 எம்எம், ஏஎன்சி, 40 மணி நேரம். எதை வாங்கலாம்? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: தம்பி, முதலில் அந்த ஈஎன்சியைத் தள்ளி வையுங்கள். நீங்கள் போனில் பேசும்போது உங்கள் மைக்கில் விழும் இரைச்சலைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்குக் குரலைத் தெளிவாக அனுப்புகிற வேலை அது. உங்கள் காதுக்கு வரும் ரயில் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அதைக் கவனிக்காமல் வாங்கி வந்து வண்டியில் மாட்டிப் பார்த்து முழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். ஏஎன்சியும் ரயில் மோட்டார், ஏசி மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். ஹாரனும் சமோசா விற்பவர் குரலும் உள்ளே வரத்தான் செய்யும்.

60 மணி, 40 மணி என்பதெல்லாம் கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்துச் சொல்வது, அதுவும் பெரும்பாலும் பாதி வால்யூமில், ஏஎன்சி இருந்தால் அதையும் அணைத்து வைத்து அளந்தது. ஒரு தடவை மாட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். டிரைவர், அதாவது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர், எத்தனை எம்எம் என்பதை வைத்து சத்தத்தின் தரத்தைச் சொல்ல முடியாது. நல்ல 6 எம்எம்மும் உண்டு, உதவாத 13 எம்எம்மும் உண்டு.

பெட்டியில் போடாத ஒரு விஷயம்தான் முக்கியம். பாட்டு ஓடும்போது இயர்பட்டை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். திடீரென்று பேஸ், அதாவது கீழ் ஸ்வரங்களின் சத்தம், கூடுகிறதா? அப்படியென்றால் காதுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, இத்தனை நேரம் பேஸ் அந்த வழியாக ஓடிப்போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் மூன்று அளவில் ரப்பர் தருவார்கள், நம்மில் பாதிப் பேர் கடையில் மாட்டியிருந்த நடு அளவிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் வேண்டும் என்றும் இல்லை. எனக்கு வலது காதில் பெரியது, இடது காதில் நடு அளவு. இந்த விலையில் வரும் ஏஎன்சியை விட, சரியாக அடைத்து உட்காரும் ரப்பர் அதிகம் உழைக்கும். இரண்டும் சேர்ந்து அமைந்தால் ஏஎன்சி உள்ளதையே வாங்குங்கள். தண்டவாளம் கடக்கும்போது மட்டும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்பதற்காக மகன் 2,000 ரூபாயில் ஹெட்போன் வாங்கித் தந்தான். மிருதங்கம் பாடகரை விழுங்குகிறது. என் காதுக்கு வயதாகிவிட்டதா? (ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர்)

பதில்: உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள் சார். விலை குறைந்த ஹெட்போன்களில் பெரும்பாலானவை சினிமாப் பாட்டின் அடிக்காக பேஸைத் தூக்கி வைத்தே வருகின்றன. கடையில் இரைச்சலுக்கு நடுவே முப்பது வினாடி கேட்பவருக்கு அது பிரமாதமாகத்தான் இருக்கும். வீட்டில் ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்கு உட்கார்ந்தால் தலை கனக்கும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு ஒரு வசதி, சோதனைச் சாமான் பதிவிலேயே இருக்கிறது. பாடகர் ஆரம்பிப்பதற்கு முன்னால் தம்பூரா மட்டும் ஓடும் அந்தச் சில வினாடிகளைக் கேளுங்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையில் நூல் வைத்து வரவழைக்கும் அந்த ஜீவாளியின் ரீங்காரம் மெல்லிய இழையாகக் கேட்க வேண்டும். வெறும் ‘ஹம்’ என்று மழுங்கிப்போய்க் கேட்டால் மேல் ஸ்வரங்கள் வரவில்லை என்று அர்த்தம். அடுத்து மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். தொப்பி என்கிற இடது பக்கத்தில் கையைத் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது அந்த நாதம் வளைந்து ஏறுவது தெரிகிறதா, வலது பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு அடி சுருதியோடு தனியாக நிற்கிறதா? எல்லாம் சேர்ந்து ஒரே ‘தொம் தொம்’ என்றால் அந்த ஹெட்போன் உங்களுக்கானது இல்லை. கடைசியாகக் குரல். ‘ஸ’ வரும் இடமெல்லாம் ஊசியாகக் குத்தினால் ஒரு வர்ணம் முடிவதற்குள் அலுத்துவிடும்.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஓட வேண்டும், இதைக் கடைக்காரர் செய்ய மாட்டார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் நல்லது என்று காது முடிவு கட்டிவிடும். சத்தம் குறையக் குறையக் கீழ் ஸ்வரங்கள் நமக்குக் கேட்பதும் குறைகிறது என்று பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டில் நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவிலேயே கடையிலும் கேளுங்கள். இப்போதைக்கு மகனிடம் சொல்லி போனில் பேஸையும் மேல் ஸ்வரங்களையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, பேஸுக்கான இடது பக்கக் கம்பிகள் இரண்டைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். பாடகர் எழுந்து வருவார்.

கேள்வி: வேலைக்காக எட்டு மணி நேரம் ஹெட்செட் மாட்டுகிறேன். மதியத்துக்குள் காது வலிக்கிறது, வேர்க்கிறது. கண்ணாடி வேறு. (ஐடி ஊழியர், வேளச்சேரி)

பதில்: மேடம், காது மடல் மேலேயே உட்காரும் சின்ன மெத்தையா, காதை முழுக்கச் சுற்றி மூடும் பெரிய மெத்தையா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் வகை என்றால் கண்ணாடிக் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே மடல் நசுங்குகிறது, இரண்டாவது வகைக்கு மாறினாலே பாதி வலி போகும். இரும்புப் பட்டை வைத்ததாக இருந்தால் ராத்திரி தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் மாட்டி வையுங்கள், பிடி தளரும். முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் வேண்டாம், விரிசல் விடும். கடையில் பத்து நிமிடமாவது கழற்றாமல் மாட்டியிருங்கள், விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

வேர்வைக்குத் துணி மெத்தை நல்லது. செயற்கைத் தோல் நம் ஊர்ப் புழுக்கத்தில் உரிந்துவிடும், அதில் இருக்கும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கை ஈரமே அரிக்கிறது. என்னுடைய ஒன்று எட்டாவது மாதமே உரிய ஆரம்பித்தது, ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனபோது காதோரமெல்லாம் கறுப்புத் துணுக்கு, யாரோ மை தீட்டியது போல. கம்பெனியில் கேட்டால் மெத்தைக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சில நூறு ரூபாயில் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

அப்புறம், சத்தம். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். உங்கள் வேலை நேரமே 40 மணியைத் தொடுகிறது.

கேள்வி: விலை கூடினால் தரமும் கூடுமா? ரிச்சி தெருவில் வாங்கலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். அவை எழுப்பும் ஒலியின் சமநிலைக்கும் விலைக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கூடுதல் காசு உறுதிக்கும் ஏஎன்சிக்கும் மைக்குக்கும் பெயருக்கும் போகிறது. சத்தம் மட்டும் போதும் என்றால் 700 ரூபாய் வயர் இயர்போன், அதே கம்பெனியின் 1,500 ரூபாய் வயர்லெஸ்ஸைப் பல சமயம் தூக்கிச் சாப்பிட்டுவிடும், பேட்டரிக்கும் ப்ளூடூத்துக்கும் அதில் செலவு இல்லையே.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தாராளமாக வாங்கலாம், பில் கேளுங்கள். வயர்லெஸ்ஸுக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின், பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்று ஆரம்பிக்கும் எட்டு இலக்க எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனியின் பதிவு என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்தில் இடது இயர்போனில் சத்தம் குறைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா? (இல்லத்தரசி, அம்பத்தூர்)

பதில்: அவசரப்படாதீர்கள். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். இப்போதும் இடது காதில்தான் குறைகிறது என்றால் இயர்போனை விட்டுவிட்டு காது டாக்டரைப் பாருங்கள். குறை இயர்போனோடு கூடவே இடம் மாறினால் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். இயர்போனில் சத்தம் வரும் வாயில் சின்னதாக ஒரு வலை இருக்கும், அதில் மஞ்சளாக அழுக்கு மூடியிருக்கும். காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்துத் துலக்குங்கள், நிமிர்த்தித் துலக்கினால் எல்லாம் உள்ளே போய்விடும். ஊசி வேண்டாம், வலை கிழியும். அதற்கப்புறமும் குறைவாகவே கேட்டால் பில்லைத் தேடுங்கள், ஆறு மாதம்தானே ஆகிறது.