ஒரே போர்டில் 1.1 வோல்ட் ப்ராசஸரும் 1.2 வோல்ட் ப்ராசஸரும் மாற்றி மாற்றிப் பொருத்த, கோர் சப்ளையை (ப்ராசஸரின் உள்பகுதிக்கான மின்சப்ளை) எப்படி அமைப்பது?

இரண்டுக்கும் பின்கள் ஒன்றே என்றால் கோர் சப்ளையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். 0.6 வோல்ட் ரெஃபரன்ஸ் (ஒப்பிடும் அளவு) உள்ள பக் கன்வர்ட்டர், அதாவது வோல்டேஜை இறக்கித் தரும் ஸ்விட்சிங் சப்ளை எடுங்கள். ஃபீட்பேக்கில் (அவுட்புட்டைப் பிரித்துக் கன்வர்ட்டருக்குத் திருப்பிக் காட்டும் ரெசிஸ்டர் ஜோடி) மேலே 10 கிலோஓம், கீழே 12 கிலோஓம் போட்டால் 1.1 வோல்ட் வரும். கீழுள்ளதற்கு இணையாக 60.4 கிலோஓம் சேர்த்தால் 1.2. பொருள் பட்டியலில் வித்தியாசம் அந்த ஒரே ரெசிஸ்டர்தான். அதன் சால்டர் விட்டுப்போனாலும் வோல்டேஜ் இறங்கும், ஏறாது.

மேல் ரெசிஸ்டரில் ஜம்பர் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைக்கவே வைக்காதீர்கள். அது கழன்றால் ஃபீட்பேக் பூஜ்யமாகும். கன்வர்ட்டர் முழு வீச்சில் தள்ளும், சிப் காலி.

கன்வர்ட்டரில் உள்ள இண்டக்டரின் (காயில்) சாச்சுரேஷன் கரண்ட், அதாவது அது திறன் இழக்கத் தொடங்கும் கரண்ட், அதிகம் இழுக்கும் சிப்பின் உச்சத்தைவிட 30 சதவீதமாவது கூட இருக்கட்டும்.

விலை குறைவு என்று லீனியர் ரெகுலேட்டர் போடுவோர் உண்டு. 3.3லிருந்து 1.2க்கு 1 ஆம்ப் என்றால் 2.1 வாட் வெறும் சூடு. வேலூர் கத்திரி வெயிலே 40 டிகிரி தாண்டும். ராணிப்பேட்டை ஷெட்டில் மூடிய பேனலுக்குள் கேட்கவே வேண்டாம்.

எந்த சப்ளை முதலில் ஏற வேண்டும் என்பதும் சிப்புக்குச் சிப் மாறலாம். ஒரு சப்ளையின் பவர்குட் (தயார் என்னும் சிக்னல்) அடுத்ததன் எனேபிளை (இயக்கும் பின்) தூண்டும் இணைப்பில், இரண்டு ஏறும் வரிசைக்கும் 0 ஓம் ரெசிஸ்டருக்கு (வேண்டிய இணைப்பில் மட்டும் பொருத்த) இடம் விட்டுவையுங்கள்.