நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத அம்மா

"அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வலி, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். எட்டு மாதமாகக் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் 32,000 ரூபாய். ஏசி அறை, தோட்டம், கேமரா, வாரம் ஒருமுறை டாக்டர் எல்லாம் உண்டு. அம்மாவும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டார், மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்கிறார். இல்லம் தரமானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"
- பெயர் வேண்டாம், சென்னை.

தம்பி, ஏசி, தோட்டம், கேமரா என்று வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். தண்ணீருக்கு ஒரே வரி. அதையும் ஒழுங்கு என்கிறீர்கள்!

டாக்டர் அளவு சொல்லியிருந்தால் சரி. சொன்னாரா என்று கேட்டீர்களா? இல்லையென்றால் எனக்குப் படுவது ஒன்றுதான். ராத்திரி பாத்ரூம் போகக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, வந்தாலும் முகத்தைச் சுளிக்கிறார்கள். தனியாக எழுந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம். அதனால் வாயைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

என் மாமியாரும் ஓர் இல்லத்தில் இருந்தவர்தான். மாத்திரைக்கு ஒரு மிடறு, மீதித் தண்ணீரை ஜன்னலோரத் துளசிக்கு ஊற்றிவிடுவார். பக்தி என்று நினைத்தேன். அங்கே ராத்திரியில் 22 பேருக்கு ஒரே ஆயா. கூப்பிட்டால், 'டயப்பர்லயே போங்க பாட்டி' என்பாளாம். இதை அவர் என்னிடம் சொல்ல ஐந்து மாதம் ஆனது. அதற்குள் இரண்டு முறை நீர்க்கடுப்பு. வயதானவர்களுக்கு அது வந்தால் சில சமயம் காய்ச்சலே இருக்காது, திடீரென்று மாற்றி மாற்றிப் பேசுவார்கள். நாளைக்கு உங்கள் அம்மா அப்படிப் பேசினால், வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

'நல்லாத்தான் இருக்கு' என்பதை நீங்கள் நம்பியதுதான் எனக்குக் கோபம். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைக்கிற எந்த அம்மா வேறு பதில் சொல்வாள்? இல்லத்தில் சேர்த்ததைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்கு. ஆனால் பணம் கட்டியதோடு பிள்ளையின் கடமை முடிந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதிவு விஷயத்தையும் பாருங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த அலுவலகத்திலேயே போய் விசாரியுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது, கட்டணமில்லை. ஆனால் சான்றிதழ் ராத்திரி எழுந்து வந்து கை பிடிக்காது. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா, அழைப்பு மணி அம்மாவின் கைக்கு எட்டுகிறதா, கட்டிலிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, இவற்றை நீங்களே பாருங்கள். அம்மாவின் இடுப்பையும் குதிகாலையும் தொட்டுப் பாருங்கள், புண் இருக்கிறதா என்று. மகன் பார்க்கக் கூச்சமென்றால் மனைவியையோ அக்காவையோ கூட்டிப்போங்கள்.

போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இந்தச் சனிக்கிழமையே ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நில்லுங்கள். விடமாட்டோம் என்றால், நான் மகன், அம்மாவைப் பார்க்காமல் போவதில்லை என்று அங்கேயே உட்காருங்கள். உள்ளே போனதும் அம்மாவுக்கு உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரையே மணி அடிக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.