இசை மென்பொருளில் குவாண்டைஸ் செய்ததும் (அடிகளைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தியதும்) தைப்பூசப் பாட்டின் உறுமி மேளம் நொண்டுகிறதே, ஏன்?

கட்டத்தை 1/16-இலிருந்து (பீட்டுக்கு நான்கு பகுதி) 1/8 ட்ரிப்லெட்டுக்கு (பீட்டுக்கு மூன்று பகுதி) மாற்றுங்கள். நீங்கள் வாசித்தது திஸ்ர நடை, அதாவது பீட்டுக்கு மூன்று அடி, போலிருக்கிறது. பீட்டுக்கு 480 டிக் (மென்பொருளின் நேர அலகு) என்றால் அடிகள் 0, 160, 320-இல் விழ வேண்டும். 1/16 கட்டம் அவற்றை 120, 360-க்கு இழுத்துவிடும். நொண்டல் அங்கேதான்.

முதலில் அண்டூ செய்து, பியானோ ரோலில் (நோட்டுகளைக் காட்டும் திரையில்) ஒரு பீட்டை மட்டும் பெரிதாக்கி, மூன்று அடிகளும் ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அப்புறம் ஸ்ட்ரெங்த்தை (அடிகளைக் கட்டத்தை நோக்கி எவ்வளவு இழுப்பது என்பதை) 60% வைத்து மறுபடி குவாண்டைஸ் செய்யுங்கள். 100% வேண்டாம், தைப்பூசத்தில் சிங்கப்பூரின் டேங்க் ரோடு கோயில் வரை நடந்து வரும் உறுமி எதுவும் அவ்வளவு விறைப்பாக ஒலிக்காது!

உறுமியின் இழுப்பைப் பிட்ச் பெண்டில் (சுருதியை வளைக்கும் கட்டளையில்) போட்டிருந்தால் கவனம்: சில மென்பொருள்களில் நோட்டு மட்டும் நகரும், பெண்ட் பழைய இடத்திலேயே நிற்கும். கிளிக் (மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் வாசித்திருந்தால் முதலில் டெம்போ மேப் (உங்கள் வேக மாற்றங்களை மென்பொருளுக்குச் சொல்லும் வரைபடம்) போடுங்கள், இல்லையேல் எந்தக் கட்டமும் பொருந்தாது.